நாலு மூர்கள்

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில், டஸ்கனியை ஆண்ட முதலாம் ஃபெர்டினாண்டோவுக்குப் பளிங்குச் சிலை இருக்கிறது. அவர் காலடியில், பீடத்தின் நாலு மூலையிலும் சங்கிலியில் கட்டுண்ட நாலு வெண்கல அடிமைகள். 1620களில் பியெத்ரோ தாக்கா வார்த்தது. ஊரில் அந்தச் சிலைக்குப் பெயரே ‘நாலு மூர்கள்’தான், பிரபுவை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இதே ஃபெர்டினாண்டோ 1593இல் வெளியிட்ட சாசனம் உலக வணிகர்களைக் குடியேறக் கூப்பிட்டது. யூதர், துருக்கியர், ஆர்மீனியர், பாரசீகர். பட்டியலில் மூர்களும் உண்டு! அவருடைய தலைநகர் ஃபிளாரன்ஸில் 1571 முதலே யூதர்களைக் கெட்டோவுக்குள் அடைத்திருந்தார்கள். லிவோர்னோவில் கடைசிவரை கெட்டோ வரவேயில்லை.

சரக்கோடு வந்த மூர் விருந்தாளி. கடலில் பிடிபட்ட மூர் துடுப்பு வலிக்கும் அடிமை. அப்படியென்றால் அந்தச் சகிப்புத்தன்மைக்கு மதிப்பு உண்டா?

உண்டு என்றுதான் நினைக்கிறேன். போர்ச்சுகலின் மத விசாரணைக்குப் பயந்து ஓடிவந்த குடும்பத்துக்கு, பிரபு மனசுக்குள் லாபக் கணக்கு ஓடினால் என்ன? ராத்திரி நிம்மதியாகத் தூங்க ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அந்தக் கணக்கில் விற்க எதுவுமில்லாதவனுக்கு வரியே கிடையாது. தாக்கா தன் மூர்களுக்கு மாதிரி தேடிப் போனது லிவோர்னோவின் அடிமைக் கொட்டடிக்கு. வணிகர்கள் வந்திறங்கிய துறைமுகம் அங்கிருந்து பக்கம்தான்.