யாரைக் கேட்டுப் படை கடல் கடக்கிறது?

1939 செப்டம்பர் 3 அன்று ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது. அன்றே வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட எந்தச் சபையையும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, மற்ற காங்கிரஸ் அமைச்சரவைகளைப் போலவே, அக்டோபர் இறுதியில் பதவி விலகினார். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர் அவர். 1917-ல் அந்த நகரசபைக்குத் தலைவரானவர். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். போர் என்றாலே பாவம் என்று ஒதுங்கியவர் அல்ல. தேசிய அரசு அமைய விட்டால் போர் முயற்சிக்குத் துணை நிற்கலாம் என்று 1940-ல் காங்கிரஸையே இணங்க வைத்தவர். போரைவிடவும், கேட்காமல் இழுத்துக்கொண்டு போனதையே அவர் எதிர்த்தார்.

அன்னிய ஆட்சிக்கு எதிராக நின்ற அந்த நியாயத்தை ஒப்புக்கொள்வதில் இன்று யாருக்கும் சிரமம் இல்லை. சிரமம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. நாமே வாக்களித்து அமர்த்திய அரசு, நம்மைக் கேட்காமல் நம் வீட்டுப் பிள்ளைகளை வேறொரு நாட்டு மண்ணில் சண்டைக்கு அனுப்பினால் அது சரியாகிவிடுமா? ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் ஓட்டிலேயே அந்தச் சம்மதமும் அடங்கிவிடுகிறதா?

இது டெல்லிக்காரர்கள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் அல்ல. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்களில் ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்னை, கோவை, ஓசூர், திருச்சி ஆகியவற்றோடு சேலமும் அதன் ஐந்து மையங்களில் ஒன்று. உருக்காலையும், லாரி பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நம்பி வளர்ந்த இயந்திரத் தொழிலும் உள்ள வட்டாரம் இது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தால் ஆபரேட்டரின் முன்னால் ஒரு டிராயிங் இருக்கும். பாகத்தின் எண், உலோகத்தின் தரம், எத்தனை மைக்ரான் வரை பிசகலாம் என்ற கணக்கு, எல்லாம் அதில் உண்டு. அவர் மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பார்க்கிறார்; பிசிறைச் சீவி, எண்ணெயைத் துடைத்து, பெட்டியில் அடுக்குகிறார். அந்தப் பாகம் பம்ப்செட்டுக்குள் போகுமா, பீரங்கிக்குள் போகுமா, அந்தப் பீரங்கி எந்த நாட்டில் நிற்கும் என்பது மட்டும் டிராயிங்கில் இருக்காது.

பட்டறைக்கு வெளியே இருப்பவரும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 6.81 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவில் 13 சதவீதத்துக்கும் மேல். 140 கோடி மக்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஏறத்தாழ 4,900 ரூபாய். லாரிக்கு டயர் வாங்கும்போதும் கோழிப் பண்ணைக்குக் கூண்டு வாங்கும்போதும் கட்டுகிற வரியில் இதற்கும் ஒரு பங்கு போகிறது. அந்தத் தொகை முழுவதும் ஆயுதமாகிவிடுவதில்லை. 1.6 லட்சம் கோடி ரூபாய் ஓய்வூதியம். புதிய தளவாடங்களுக்கும் கட்டுமானத்துக்குமான மூலதனச் செலவு 1.8 லட்சம் கோடி. மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு அதே ஆண்டில் கிடைத்தது சுமார் 1 லட்சம் கோடி. மருத்துவமனைகளைப் பெரும்பாலும் மாநிலங்களே நடத்துகின்றன என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது முழு நியாயமாகாது. ஆனால் இவ்வளவு பெரிய தொகைக்கான மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் மக்களவையில் விவாதமே இல்லாமல் மற்றவற்றோடு மொத்தமாக நிறைவேறியிருக்கிறது என்பதில் ஒரு குறை இருக்கிறது. பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் கை தூக்கிவிட்டு எழுந்து போனார்கள்.

பலம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வள்ளுவர் படைக்கென்றே படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். படையில்லாத நாட்டின் நல்லெண்ணத்தை அண்டை நாடு மதித்து நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1962-ன் சீனப் போர் அதைக் கற்பித்தது. எல்லையைக் காக்கப் படை வைத்திருப்பது குற்றமல்ல, கடமை. ஆனால் அதே வள்ளுவர், இரக்கம் பாராமல் பொருவது ஆண்மை என்றால் பகைவனுக்குத் துன்பம் வந்தபோது கைகொடுப்பதே அந்த ஆண்மையின் கூர்மை என்றும் சொல்லி வைத்தார். பலத்துக்கு அறம் உண்டு. அது ஆயுதக் கிடங்கின் அளவில் இல்லை, ஆயுதம் கிளம்பும் விதத்தில் இருக்கிறது.

எல்லை தாண்டிப் படை அனுப்புவது எல்லாம் ஒரே ரகமும் அல்ல. 1950-ல் கொரியப் போருக்கு இந்தியா அனுப்பியது சண்டையிடும் படையை அல்ல, 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை. ஐ.நா. கொடியின் கீழ் காங்கோ முதல் தெற்கு சூடான் வரை அமைதி காக்கப் போன இந்தியர்கள் லட்சக்கணக்கானோர். 1971-ல் கிழக்கு வங்கத்துக்குள் போன படை, வேலை முடிந்ததும் 1972 மார்ச்சில் திரும்பிவிட்டது. ஆனால் தமிழர்கள் இந்தக் கேள்வியைப் பேசும்போது சுற்றி வளைக்க முடியாத ஒரு படை உண்டு. அது 1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படை.

அதன் முன்கதையில் சேலம் மாவட்டத்துக்கும் இடம் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழப் போராளி இயக்கங்களுக்கு இந்திய அரசு பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. மேட்டூர் அணைக்குப் பக்கத்துக் கொளத்தூரில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் புலியூர் என்றே பேர் நிலைத்துவிட்டது. வட்டாரத்து மக்கள் அவர்களைச் சொந்தப் பிள்ளைகளாகப் பார்த்தார்கள். அந்தப் பரிவில் பொய் இல்லை. ஆனால் பக்கத்து நாட்டில் ஆயுதப் போராட்டத்துக்கு ஆள் தயார் செய்வது என்ற முடிவை எடுத்தவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவும் இல்லை, எந்தச் சபையிடமும் ஒப்புதல் பெறவும் இல்லை. ஒளித்துச் செய்த காரியத்துக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

அதே அரசுதான் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் போட்டது. பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் கையெழுத்திட்டார்கள். ஓரிரு நாளில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டது. நாடாளுமன்றத்துக்குப் பிறகு விளக்கம் சொல்லப்பட்டதே தவிர, முன்கூட்டிச் சம்மதம் கேட்கப்படவில்லை. வந்த படையை முதலில் மாலையிட்டு வரவேற்றார்கள் யாழ்ப்பாணத்து மக்கள். அக்டோபரில் அமைதிப் படை போர்ப் படையானது. இங்கே பயிற்சி கொடுத்து அனுப்பிய இயக்கத்தோடு இந்தியச் சிப்பாய் மோத வேண்டி வந்தது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் படை நுழைந்தது. அன்றும் மறுநாளும் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். புலிகள் அங்கிருந்து சுட்டார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். அது உண்மையாகவே இருந்தாலும், கட்டிலில் கிடந்தவரைச் சுடுவதற்கு அது நியாயமாகாது. அம்பு விடுமுன் பிணியாளரையும் பெண்டிரையும் அரண் தேடிப் போகச் சொல்லும் அறப்போர் மரபைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் பாடி வைத்த மொழி நம்முடையது.

படையினரை மட்டும் கூண்டில் ஏற்றுவது சுலபம், அது நேர்மையல்ல. அந்த மூன்றாண்டில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,200 பேர். 1987 நவம்பர் 25 அன்று பதுங்கித் தாக்கியவர்களை எதிர்த்து நின்று உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அவரும் தமிழர். இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா 1989 ஜூனில் படையைத் திரும்பிப் போகச் சொன்னார். அதாவது, அழைத்த நாட்டின் சம்மதமும் அப்போது தீர்ந்துவிட்டது. கடைசிப் பிரிவு திரும்பியது 1990 மார்ச்சில். சென்னைத் துறைமுகத்தில் அதை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பிணங்களுக்கு அது மரியாதை என்று சிலரும், செத்துப் பிழைத்து வந்த சிப்பாய்க்கு அவமரியாதை என்று சிலரும் வாதிட்டார்கள். இரு தரப்பும் சிப்பாயைப் பார்த்தே பேசியது. அனுப்பியவர்களைப் பார்த்துப் பேசியவர்கள் குறைவு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆபத்து வந்தபின் சபையைக் கூட்டி ஓட்டெடுத்துக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும் என்பார்கள். 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் கூலிப்படை ஆட்சியைக் கவிழ்க்கப் புகுந்தது. அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் வீரர்கள் போய் இறங்கினார்கள். விவாதம் முடியட்டும் என்று காத்திருந்தால் கயூம் தப்பியிருக்க மாட்டார். இது உண்மை, ஆனால் இது முதல் இரவுக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. மாலத்தீவுக்கு ஒரு இரவு போதும். இலங்கையில் படை நின்றது 32 மாதங்கள். முதல் இரவின் அவசரத்தை 32 மாதத்துக்கும் காரணமாகக் காட்ட முடியாது. சீனப் படை உள்ளே நுழைந்துகொண்டிருந்த 1962 நவம்பரிலேயே நம் நாடாளுமன்றம் முன்கூட்டியே கூட்டப்பட்டு, நாள் கணக்கில் விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிரி வாசலில் நிற்கும்போது பேச முடிந்த சபையால், படை கடல் தாண்டி நிற்கும்போது பேச முடியாது என்பது ஏற்கும்படி இல்லை.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. ஜெர்மனியில் 1994 அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், வெளிநாட்டில் ஆயுதமேந்திய பணிக்குப் படை போக நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அவசரமென்றால் பின்னால் பெறலாம். அமெரிக்காவில் 1973 சட்டப்படி, படையைச் சண்டைக்கு அனுப்பிய 48 மணி நேரத்தில் அதிபர் காங்கிரஸுக்கு அறிவிக்க வேண்டும். அதிபர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றாலும், மீறல் என்று சுட்டிக்காட்ட ஒரு கோடாவது அங்கே இருக்கிறது. 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதலைப் பிரிட்டன் நாடாளுமன்றம் 285-க்கு 272 என்ற ஓட்டில் தடுத்தது. இந்திய அரசியலமைப்பில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் கேட்டால் நல்லது நடக்கும் என்பதற்கு நம்மிடமும் சான்று உண்டு. 2003 ஏப்ரலில் இராக் போரைக் கண்டித்து மக்களவை தீர்மானம் போட்டது. ஜூலையில் அமெரிக்கா ஒரு டிவிஷன் அளவுக்குப் படை கேட்டு நெருக்கியபோது, ஐ.நா.வின் ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. இராக்கின் சகதியில் நம் சிப்பாய்கள் சிக்கவில்லை.

போகுமுன் கேட்பது பாதி அறம்; வந்தபின் பதில் சொல்வது மறுபாதி. இராக் போரைப் பற்றி பிரிட்டனின் சில்காட் குழு 2016-ல் தன் நாட்டு அரசையே குறைகூறி அறிக்கை வெளியிட்டது. கார்கில் போருக்குப் பின் இந்தியாவும் மறுஆய்வுக் குழு அமைத்து, 2000-ல் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. நமக்குத் தெரியாத வித்தை அல்ல இது. இலங்கைப் படைப் பணியைப் பற்றி மட்டும் அப்படியொரு முழு ஆய்வு மக்கள் முன் வரவில்லை. அதனால் செத்த சிப்பாயின் குடும்பமும் செத்த நோயாளியின் குடும்பமும் பதிலில்லாத ஒரே நிலையில் விடப்பட்டன.

இப்போது படை போகாமலே ஆயுதம் போகிறது. 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2024-25-ல் 23,622 கோடியாகிவிட்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் போவதைத் தடுக்கக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்பது அதன் நிலை. நீதிமன்றம் கேட்காது, அரசு சொல்லாது என்றால் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம் ஒன்றுதான். வேலை வருகிறதே என்பார்கள். வரட்டும், கொலுசுப் பட்டறையும் ஜவ்வரிசி ஆலையும் ஏறி இறங்கும் ஊரில் நிலையான ஆர்டரின் அருமை எல்லோருக்கும் தெரியும். லேத் ஆபரேட்டரை யாரும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. தெரிந்தும் தடுக்கக்கூடியவர் மேல்தான் பழியின் பெரும் பாரம். ஆனால் தெரிந்துகொள்ளும் உரிமை அந்த ஆபரேட்டருக்கும் உண்டு. எந்த நாட்டுக்கு, எந்தப் போருக்கு, யாருடைய அனுமதியில் என்ற மூன்று கேள்விக்கும் சபையில் பதில் வாங்கித் தருவது அவருடைய எம்.பி.யின் கடமை.

முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர் கேட்டு என்ன ஆகும் என்ற சலிப்புக்கும் ராஜாஜியிடமே பதில் இருக்கிறது. 1962-ல், எந்தப் பதவியும் இல்லாத 83 வயதில், வாஷிங்டன் வரை போய் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். சேலமும் பக்கத்து நாமக்கல்லும் வாஷிங்டன் போக வேண்டியதில்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், கட்சி பேதம் பார்க்காமல், இரண்டு உறுதிமொழி வாங்கினால் போதும்: வெளிநாட்டுச் சண்டைக்குப் படை போனால் குறித்த நாட்களுக்குள் சபையின் ஒப்புதல் வேண்டும், ஆயுத ஏற்றுமதிக்கு நாடாளுமன்றக் குழுவின் கண்காணிப்பு வேண்டும். பணமும் பிள்ளைகளும் கொடுக்கும் ஊர் இதைக் கேட்பது தேசபக்திக்குக் குறைவல்ல. கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான், 1939-ல் நாம் மறுத்த நிலைக்கு நாமாகவே திரும்பிப் போவது.