பெயர் விட்டுப்போகாமல்

திருமானூரிலிருந்து கொள்ளிடக் கரையோரமாக மேற்கே போனால் திருமழபாடி வரும். பங்குனியில் நந்தி கல்யாணம் பார்க்க அக்கரையிலிருந்தும் கூட்டம் வந்து சேரும் ஊர். அந்தக் கோயிலைப் பற்றி நான் படித்ததில் மனத்தை விட்டு அகலாத செய்தி ஒன்று உண்டு. முதலாம் ராஜராஜன் காலத்தில், அங்கிருந்த பழைய ஸ்ரீவிமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆணை பிறந்தது. பிரிப்பதற்கு முன்னால் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். புதுச் சுவர் எழுந்த பிறகு, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், அவற்றை மறுபடியும் கல்லில் வெட்டினார்கள்.

கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலும் இருப்பவை கொடைகள்தாம். இன்னார் நிலம் விட்டார், இன்னார் விளக்கெரிக்க ஆடு விட்டார், இன்னார் பொன் கொடுத்தார் என்ற விவரங்கள். எழுத்து அழிந்தால் கோயிலுக்கு வரவேண்டியதும் அழியும் என்ற கணக்கு அதில் இருந்திருக்கும். ஆனாலும் சுவர் போனால் போகட்டும், கொடுத்தவர் பெயர் போகக்கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பு எங்கள் ஆற்றங்கரையில் பாடுபட்டிருக்கிறார்களே என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நமக்கு வாய்த்த நல்லவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எதை எண்ணுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் நவம்பர் மாதத்தில் ஒருநாள் பேசினான். அந்த மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்குத் தேங்க்ஸ்கிவிங் நாள். 1863இல் உள்நாட்டுப் போருக்கு நடுவில் நாடு முழுவதற்குமாக அந்த நன்றித் திருநாளை அறிவித்தவர் ஆபிரகாம் லிங்கன். போர் ஓயாத ஒரு நாட்டிலும் நன்றி சொல்ல ஏதோ இருக்கிறது என்று அவர் நினைத்தது பெரிய விஷயம். "ஆபீஸ் நண்பர் வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் இந்த வருஷம் கிடைச்ச நல்லதைச் சொல்லச் சொன்னாங்க அத்தை. வேலை, வீடு, ஆரோக்கியம்னு நான் சொன்னேன். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டான். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றேன்.

தை வரைக்கும் யோசித்ததில் எனக்குத் தெளிந்தது இது. கிடைத்த பொருளை எண்ணினால் கணக்கு நம்மோடு முடிந்துவிடுகிறது. அது நம்மிடம் வந்து சேர யார் யார் காரணமோ அவர்களை எண்ணினால், அடுத்து நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் இப்படி எண்ணத் தெரிந்தவர் அம்மா. மாட்டுப் பொங்கலன்று அப்பா மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டி ஓட்டி வருவார். கொம்புக்கு வண்ணம் பூசி, புது மூக்கணாங்கயிறு மாற்றி, கழுத்தில் நெட்டி மாலை போடுவார். தொழுவத்தில் பொங்கல் பானையை இறக்கியதும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, நறுக்கிய வாழை இலைத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். நாற்றுப் பறித்தவர்கள், நடவு நட்டவர்கள், களை எடுத்தவர்கள், ராத்திரியில் மண்வெட்டியோடு போய் மடை திருப்பியவர், வைக்கோல் போர் போட்டுக் கொடுத்தவர், பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது விடியும்வரை தொழுவத்திலேயே இருந்த பக்கத்து வீட்டு ஆயா. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இலையில் சர்க்கரைப் பொங்கல், ஒரு துண்டு கரும்பு. கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகள் வேலை. பசியில் நாங்கள் பறப்போம். "இருடி, பேரு விட்டுப்போச்சுன்னா சோறு இறங்காது" என்பார் அம்மா.

அந்த அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்தபோது நான் வெளியூரில் ஆசிரியை வேலையில் இருந்தேன். அவரைப் பார்த்துக்கொண்டவர் அண்ணி. அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். அம்மா லேசாக இருமினாலே போதும், விளக்கைக்கூடப் போடாமல் எழுந்து வெந்நீர்ச் சொம்பைக் கையில் கொடுத்துத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு எண்ணெய் வாசனையோடு அண்ணி அடுப்படிக்குள் வருவது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நான் நிம்மதியாக வகுப்பறையில் நின்று பாடம் நடத்தினேன் என்றால் அந்த நிம்மதி அண்ணி எனக்குக் கொடுத்தது. டெக்சாஸ் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்: நான் அந்த மேசையில் இருந்திருந்தால் முதலில் உன் அம்மா பெயரைச் சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட பேசிட்டு வரேன் அத்தை" என்று வைத்துவிட்டான்.

குடும்பத்துக்குள் பெயர் தெரிகிறது. ஊர் செய்த உதவியை எண்ணும்போது பெயர் தெரியாதவர்கள் வரத் தொடங்குகிறார்கள். கொள்ளிடம் எங்களுக்கு ஆறு. காவிரிக்கு அது வடிகால். முக்கொம்பில் பிரிந்து, காவிரியால் தாங்க முடியாத வெள்ளத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. டெல்டா பிழைக்கும், ஆனால் சில ஆண்டுகளில் கரையோரத்துத் தாழ்ந்த ஊர்கள் நனைய வேண்டியிருக்கும். 2005 நவம்பர் அப்படிப்பட்ட மாதம். தண்ணீர் ஏறியபோது குழந்தைகளையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தவர்களில் எங்கள் உறவுக்காரர்களும் உண்டு. மேட்டுப்புறத்து ஊர்களிலிருந்து அண்டா அண்டாவாகப் புளிச்சோறு வந்தது. யார் அரிசி, யார் கிண்டியது, எந்தத் தெருவில் வசூலித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சோற்றைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

இதற்குச் சோழர் காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளை விடுவார்கள். இடையர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் அளவாக நெய் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஆடு சாகும், குட்டி பிறக்கும், ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. ஆட்டை விட்டவர் காலமாகிவிடுவார், முதலில் வாங்கிக்கொண்ட இடையரும் காலமாகிவிடுவார். அடுத்த தலைமுறை அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு விளக்கை எரியவிடும். நமக்கு வாய்த்தவையெல்லாம் இப்படி ஒப்படைக்கப்பட்ட மந்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுபவிக்கலாம், குறையாமல் அடுத்தவரிடம் சேர்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டபோது, எங்கள் பக்கத்திலிருந்து அரிசி மூட்டையும் மெழுகுவர்த்தியும் போர்வையுமாக வண்டிகள் போயின. அவற்றில் ஏறிப் போன இளைஞர்களில் சிலர் 2005இல் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அந்தப் புளிச்சோற்றைத் தின்ற குழந்தைகள். கடன் வாங்கியது ஓர் இடம், தீர்த்தது வேறோர் இடம்.

எழுத்தும் வாசிப்பும் நானே தேடிக்கொண்ட சொத்து என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். ஆனால் எண்ணத் தொடங்கினால் அங்கேயும் ஆட்கள்தாம். சிறுமியாக இருந்தபோது எனக்குப் புத்தகம் தந்தது ஊர் நூலகம். எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் வந்த 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகையை நூலகத்துக்கென்று வாங்க வழி செய்தது. இன்றைக்கும் வரி ரசீதில் அது நூலக வரி என்று தனியாக இருக்கும். ஆகவே நான் படித்த கதைப் புத்தகங்களுக்குக் காசு கொடுத்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். கைநாட்டு வைத்து வரி கட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு பெண்பிள்ளை வாசிப்பதற்குப் பணம் கட்டியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எழுதுகிற வரியை இன்னும் கவனமாக எழுத வேண்டும் என்று தோன்றும்.

அந்த வரியை எழுதும் எழுத்துக்கும் ஒருவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். திருமானூருக்குக் கிழக்கே ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் இருக்கும் ஊர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தங்கிப் பணிசெய்த இடம். தேம்பாவணியையும் சதுரகராதியையும் தந்த அவர்தான், சுவடிகளில் ஒன்றுபோலவே எழுதப்பட்டுவந்த எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து எழுத வழிகாட்டினார். ஏலாக்குறிச்சி என்று எழுதும்போது முதல் எழுத்திலேயே அவர் கை இருக்கிறது. திருமழபாடிக்குத் தேவாரம் பாடிய சுந்தரர் ஒரு பக்கம், பாதிரியார் ஒரு பக்கம், நடுவில் வரி கட்டிய என் தெருக்காரர்கள். இத்தனை பேர் சேர்ந்து கொடுத்த மொழியில் நான் எழுதுகிறேன்.

நன்றியைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆவது அதிகாரம். அதை அடுத்து 12ஆவதாக நடுவு நிலைமை வருகிறது. ஒருவர் நமக்குச் செய்த நன்மையை நினைத்தால் நடுவுநிலை தவறக்கூடும், அப்போதும் தவறக்கூடாது என்பதற்காகவே இந்த வரிசை என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். எத்தனை கூர்மையான பார்வை! நன்றி என்ற பெயரில் வாயடைக்கப்பட்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். களத்துமேட்டில் நெல் தூற்றியதும் உழைத்தவர்களுக்கு மரக்காலில் அளந்து போட்டதைப் பண்ணைக்காரர்கள் தங்கள் தாராளம் என்று சொல்லிக்கொண்டார்கள். அது கொடை இல்லை, கூலி. பல நேரம் குறைந்த கூலி. வாங்கியவர் இடுப்புத் துண்டோடு தள்ளி நின்று வாங்க வேண்டியிருந்த காலம் அது. அங்கே நன்றிக்கடன் பட்டவர் நெல்லை அளந்தவர்தான், வாங்கியவர் இல்லை. அம்மா விரல்விட்டு எண்ணிய பெயர்களில் பெரும்பாலானவை வயலில் இறங்கி உழைத்தவர்களுடையவை. அந்த எண்ணிக்கை சரியான எண்ணிக்கை. ஆனால் இலையில் வைத்த பொங்கல் கூலிக்கு ஈடாகாது. நியாயமான கூலியும் சமமான இருக்கையும் கொடுத்த பிறகுதான் பொங்கலுக்கு இனிப்பு ஏறும்.

ஆற்றுக்கு நன்றி சொல்வதும் இப்படித்தான். ஆடிப்பெருக்கன்று மஞ்சளும் காதோலைக் கருகமணியும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் லாரி லாரியாக மணல் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மணற்படுகைதான் வெள்ளத்தைக் குடித்துவைத்துக் கோடையில் கிணறுகளுக்குத் தருகிறது. அதை நம்பித்தான் கூட்டுக் குடிநீர்க் கிணறுகளும் இருக்கின்றன. கொள்ளிடத்தில் மணல் குவாரி வேண்டாம் என்று திருமானூர் வட்டாரத்து மக்கள் போராடியதை ஆற்றுக்குச் செய்த வழிபாடாகவே நான் பார்க்கிறேன். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் எங்கள் ஊர் உழவர்களும் பங்குபோட்டுக்கொள்ளும் ஏரி அது. பட்டியலில் பெயர் வந்தது மகிழ்ச்சி. வரத்து வாய்க்கால் தூர்ந்துபோகாமல் வைத்திருப்பதுதான் அந்த மகிழ்ச்சிக்குப் பொருள்.

காணும் பொங்கலுக்கு மனிதர்களை நேரில் போய்ப் பார்க்கும் வழக்கத்தை நம் முன்னோர் வைத்தது நல்ல ஏற்பாடு. நன்றியை மனத்துக்குள் வைத்துக்கொண்டால் அது யாருக்கும் உதவாது. இந்த ஆண்டு அண்ணியோடு ஒருநாள் முழுக்க இருக்கப் போகிறேன்; அவருக்கு இப்போது முழங்கால் வலி, எண்ணெய் தேய்த்துவிடும் முறை என்னுடையது. ஊர் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் கதை வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் நிலத்தில் நடவு நட்ட அக்காக்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்க உட்காரப் போகிறேன். கதைக்கு முன்னால் என் எழுத்து அவர்களுக்குப் பயன்பட வேண்டிய இடம் அதுதான்.

எனக்கு வாய்த்தவர்களை எண்ணி எழுதுவது ஒரு மாலைப்பொழுது வேலை. அவர்களுக்குக் கடமைப்பட்டவளாக நடந்துகொள்வது ஆண்டு முழுவதும் உள்ள வேலை. அதைச் செய்ய உடம்பில் தெம்பு இருக்கிறது, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் என் பாக்கியங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன்.