பிள்ளையின் பயமும் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்கள்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



மார்க்க விளக்கம் கேட்டு நம்மிடம் வருவோரில் இளம் தாய்மாரும் தந்தையரும் அண்மைக் காலமாக மிகுந்து வருகின்றனர். அவர்களுள் பலர் கேட்பது இதுதான்: “பேய்ப் படம், பயங்கரப் படம் என்று வருகின்றனவே, இவற்றில் எதைப் பிள்ளைகள் பார்க்கலாம்? எதைத் தடுக்க வேண்டும்?” ஆறு வயது மகள் விளக்கை அணைத்தால் அலறுகிறாள். பத்து வயது மகன் இரவில் கொல்லைப்புறம் போகத் துணைக்கு ஆள் தேடுகிறான். விசாரித்துப் பார்த்தால், எவர் வீட்டுக் கைபேசியிலோ பார்த்த ஒரு முகம் அந்தப் பிஞ்சு நெஞ்சில் தங்கிவிட்டிருக்கிறது.

“சினிமாவே கூடாது” என்று ஒரே சொல்லில் விடை கூறி முடித்துவிடலாம். திரைப்படத்தை வாசற்படி தாண்ட விடாமல் காத்துவரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பேணுதலை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆயினும் காலம் மாறியிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1978-இல் விட்டலாச்சாரியாவின் ‘ஜகன்மோகினி’ வந்தபோது, அதைக் காணப் பிள்ளை காசு சேர்க்க வேண்டும். கொட்டகைக்குப் போக வேண்டும். வாப்பாவின் கண்ணில் படாமல் வீடு திரும்பவும் வேண்டும். இன்று அது உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. நம் வீட்டுக் கைபேசியைப் பூட்டி வைத்தாலும் மாமி வீட்டுக் கைபேசி திறந்தே இருக்கிறது. எனவே, தடுப்பவர்க்கும் வேண்டும் ஓர் அளவுகோல். அனுமதிப்பவர்க்கும் வேண்டும் ஓர் அளவுகோல்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். பயம் பாவமன்று. கைத்தடி பாம்பாக நெளியக் கண்ட மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. வல்ல நாயன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அஞ்ச வேண்டாமென்று அழைத்துத் தேற்றினான். அதுபோல், வேடிக்கை பார்ப்பதெல்லாம் குற்றமுமன்று. அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஆசை தீரப் பார்க்கும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் தம் போர்வையால் மறைத்து நின்றார்கள். இளவயதினர்க்கு விளையாட்டில் விருப்பமிருக்கும் என்பதை இம்மார்க்கம் அறியும்.

ஆனால், ஒருவரைத் திடுக்கிடச் செய்து அதில் சுவை காண்பது வேறு செய்தி. நபித்தோழர்கள் ஒரு பயணத்தில் இருந்தபோது ஒருவர் உறங்கிவிட்டார். மற்றவருள் சிலர் அவரிடமிருந்த கயிற்றை எடுக்கவே, அவர் பதறி எழுந்தார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று அண்ணலார் (ஸல்) அப்போது தடுத்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. போர்க்களம் கண்ட தோழர் ஒருவரின் கணநேரப் பதற்றத்திற்கே இத்தனை மதிப்பென்றால், ஐந்து வயதுக் குழந்தையின் பதற்றத்திற்கு எவ்வளவு மதிப்பு! வளர்ந்தவன் தன் விருப்பப்படி படம் பார்க்கிறான். அவன் கணக்கு அவனோடு. மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையோ எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் பார்ப்பதால் அதுவும் பார்க்கிறது.

“அதெல்லாம் நாலு நாளில் மறந்துவிடும்” என்பர் சிலர். அப்படி மறப்பதில்லை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1992 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சி ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற பேய் நாடகத்தை, நேரடி ஒளிபரப்பு நடப்பதுபோல் காட்டியது. மக்கள் நாள்தோறும் பார்த்துப் பழகிய தொகுப்பாளர்களே அதில் தோன்றினர். அதைக் கண்டபின் நெடுநாள் மனப் பாதிப்புக்குள்ளான 10 வயதுச் சிறுவர் இருவரைப் பற்றி 1994-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஆய்வொன்றில், கல்லூரி மாணவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், சிறு வயதில் பார்த்த திரைக்காட்சியின் அச்சம் இன்னும் தம்மை விட்டு அகலவில்லை என்றனர்.

அவ்வாய்வைச் செய்தோருள் ஒருவரான ஜோன் கேன்டர் என்ற பேராசிரியர் கண்ட இன்னொரு செய்தி பெற்றோர்க்கு மிகவும் பயன்படும். ‘ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரில், நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற அரக்கனாக மாறிப் பிறரைக் காப்பாற்றுவார். பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் அவர் உருமாறிய பின்தான் மிகவும் அஞ்சினர். காப்பாற்ற வந்தவர் என்பது அவர்கள் மனத்தில் ஏறவில்லை, முகம்தான் ஏறியது. பெரிய பிள்ளைகளுக்கு அந்த முகம் பயம் தரவில்லை. நிஜமாகவே நடக்கக்கூடியது எதுவோ அதற்கே அவர்கள் அஞ்சுவர். ஆக, “இது நல்ல பேய்தானே, சிரிப்புப் பேய்தானே” என்பது பெரியவரின் கணக்கு. நாலு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

அப்படியானால் அரசின் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யலாமா? அதை அறிந்திருப்பது நல்லதே. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் படங்கள் தணிக்கையாகின்றன. எவரும் பார்க்கலாம் என்பது ‘யு’. 18 வயது நிரம்பியோர்க்கு மட்டும் என்பது ‘ஏ’. பெற்றோர் துணையோடு என்னும் ‘யு/ஏ’ 1983-இல் வந்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு அது 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டது. இணையவழிப் படங்களுக்கும் 2021-ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய படிகளை வகுத்து, 13-க்கு மேற்பட்டவற்றைப் பெற்றோர் பூட்டி வைக்கவும் வழி செய்துள்ளன. அந்தப் பூட்டைப் போட்டு வையுங்கள். ஆனால் சான்றிதழ் படத்தைப் பற்றிப் பேசுமேயன்றி, உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசாது. யாரோ வெட்டி ஒட்டி அனுப்பும் துண்டுக் காட்சிகளுக்கு அந்தச் சான்றிதழும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஈமானைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.

நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், பூர்வகால விலங்குகள் இரண்டு, சமையற்கட்டில் ஒளிந்திருக்கும் சிறுவனையும் அவன் அக்காவையும் தேடி வருகின்றன. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது தாங்கொணாத காட்சி. எனினும் அது கற்பிப்பது, விலங்கிடம் எச்சரிக்கையாயிரு, தம்பியைக் கைவிடாதே என்பதே. 2011-இல் வந்த ‘காஞ்சனா’வோ குடும்பத்தோடு சிரித்துப் பார்க்கும் படமாகப் பெயர் பெற்றது. அதில் கொலையுண்டவரின் ஆவி வாலிபன் ஒருவனின் உடலுக்குள் புகுந்து பழிவாங்குகிறது. 2007-இல் ‘முனி’, 2014-இல் ‘அரண்மனை’ என்று இவ்வகைப் படங்கள் தொடர் தொடராக வந்துள்ளன. பயத்தின் அளவு வேறு. பயம் கற்றுக்கொடுக்கும் பாடம் வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

மவுத்தானவர்க்கும் இவ்வுலகிற்கும் இடையே, எழுப்பப்படும் நாள்வரை பர்ஸக் என்னும் திரை இருப்பதாகத் திருமறை கூறுகிறது. இறந்தவர் ஊரில் அலைவதில்லை. எவர் உடலிலும் குடியேறுவதில்லை. ஜின்கள் உண்டு, அவர்கள் பெயராலேயே ஒரு சூரா உண்டு. ஆனால் அந்த சூராவே, ஜின்களிடம் பாதுகாவல் தேடிய மனிதர்க்குக் கேடுதான் மிகுந்தது என்றும் எச்சரிக்கிறது. படங்களிலோ எலுமிச்சம்பழமும் தகடும் காக்கின்றன. சிலவற்றில் பச்சைத் தலைப்பாகையோடு ஒரு பாய் மந்திரவாதி வந்து மயிலிறகால் பேயை விரட்டுகிறார். நம் வீட்டுப் பிள்ளை அவரைத் தன் மார்க்கத்தின் ஆள் என்றே நம்பிவிடும். பாட்டியாரின் ஜனாஸாவிற்கு அருகே வரவும் அஞ்சும் பேரனை, கபுருஸ்தானை ஒட்டிய பாதையில் நடக்க மறுக்கும் பேத்தியைப் பார்க்கிறோமே, அந்த அச்சத்தை அவர்களுக்குக் கற்பித்தது குர்ஆனா? திரையா?

திரையை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? சோறு ஊட்டப் பூச்சாண்டியை அழைப்பவர் யார்? சேட்டையை அடக்க, ஐந்து வயதுக் குழந்தையிடம் கபுரின் வேதனையை விவரிப்பவர் யார்? அல்லாஹ்வின் அன்பை அறியுமுன் அவன் தண்டனையை மட்டும் அறிந்த பிள்ளை, அவனிடம் ஓடி வராது. அவனை விட்டு ஓடும்.

சரி, பெற்றோர் செய்ய வேண்டுவது என்ன? மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் இதற்கு வழி இருக்கிறது. ஓரிரவு பெரும் சத்தம் ஒன்று கேட்டு ஊரே நடுங்கியது. மக்கள் துணிந்து அத்திசை நோக்கிப் புறப்பட்டபோது, எதிரே நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணமும் இன்றி ஏறி, எல்லாருக்கும் முன்பே தனியாகச் சென்று பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் கூறினார்கள். புகாரியும் முஸ்லிமும் இதைப் பதிவு செய்துள்ளன. பெருமானார் வீட்டிலிருந்தபடி “ஒன்றுமிராது” என்று சொல்லவில்லை. மற்றவர்களை அனுப்பி வைக்கவுமில்லை. முதலில் தாம் போனார்கள், பார்த்தார்கள், பின்னரே பேசினார்கள்.

வாப்பாமார்களே! உம்மாமார்களே! பொறுப்பாளரின் கடமை இதுதான். பிள்ளை ஒரு படத்தைக் கேட்டால், “பார்த்துத் தொலை” என்று கைபேசியைக் கொடுப்பதும் தகாது. பெயரைக் கேட்டதுமே கத்துவதும் தகாது. முதலில் நீங்கள் அந்தச் சத்தத்தின் பக்கம் போய் வாருங்கள். கதையைக் கேட்டறியுங்கள், தேவையான அளவு பாருங்கள். ஆபாசம் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள், விடை கிடைத்துவிட்டது. அது இல்லையெனில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் பார்த்த பிள்ளை இன்றிரவு எதற்கு அஞ்சும்? அஞ்சினால் யாரிடம் பாதுகாவல் தேடும்? “அல்லாஹ்விடம்” என்று நெஞ்சு சொல்லவில்லையானால், அந்தப் படம் அப்பிள்ளைக்கு வேண்டாம்.

வயதையும் கவனியுங்கள். ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் படுக்கையைப் பிரித்து வையுங்கள் என்று படிப்படியாகச் சொன்ன மார்க்கம் இது. ஏழுக்குக் கீழே அச்சமூட்டும் எதுவும் வேண்டாம். கோர முகமுள்ள சிரிப்புப் படமும் வேண்டாம். ஏழிலிருந்து பத்து வரை, ஆபத்து நீங்கி நல்லபடி முடியும் கதைகள் போதும். அதுவும் பகலில், நம் பக்கத்தில். பத்து வயதில் தனியே படுக்கப் போகும் பிள்ளையின் தலைக்குள் பேயைக் குடியேற்றி அனுப்புவது அநியாயமன்றோ! பதின்மூன்றை நெருங்கும் பிள்ளையை வெறும் தடையால் மட்டும் காக்க இயலாது. நீங்கள் பார்த்துத் தகுமென்று கண்டதை உடனிருந்து காட்டி, “ஆவி வருமென்கிறார்களே, நம் ஈமான் என்ன சொல்கிறது?” என்று பேசுங்கள். தன் வீட்டில் பேச முடிந்த பிள்ளை, வெளியில் எதைக் கண்டாலும் வீட்டிற்கு வந்து சொல்லும்.

ஏற்கெனவே பயந்துபோன பிள்ளைக்கு என்ன செய்வது? கேலி செய்யாதீர்கள், “ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா?” என்று அதட்டாதீர்கள். சிறு குழந்தையிடம் “அது பொய்” என்று விளக்கினால் பயன் குறைவு. அணைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், உறங்கும்வரை அருகிலிருங்கள். பெரிய பிள்ளைக்கு ஒப்பனையையும் ஒலியையும் விளக்குங்கள். அதே காட்சியைச் சத்தமின்றிப் பார்த்தால் அதன் பயங்கரத்தில் பாதி போய்விடும் என்று சொல்லுங்கள். பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் நாயகம் (ஸல்) பாதுகாவல் தேடி ஓதினார்கள். இப்ராஹீம் (அலை) தம் மக்களுக்கு ஓதியதும் அதுவே என்றார்கள். அதை மனனம் செய்து பிள்ளையின் மீது ஓதுங்கள். உறங்குமுன் குல் சூராக்கள் மூன்றையும் ஓதி, கைகளில் ஊதி உடலில் தடவிக்கொள்ளும் சுன்னத்தைப் பிள்ளைக்கே பழக்குங்கள். காசு வாங்கித் தாயத்துக் கட்டுபவரிடம் கூட்டிப் போனால், படம் சொன்ன பொய்யை நாமே மெய்யாக்கியவர் ஆவோம். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, பள்ளிக்குப் போகவும் அஞ்சினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவும் சுன்னத்தே.

பிள்ளைகள் அமானிதம் என்பதை நாம் அறிவோம். அவர்களின் உடலும் கல்வியும் மட்டுமல்ல, அவர்களின் பயமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதை எவர் கையிலும் விளையாட்டுப் பொருளாகக் கொடுத்துவிடலாகாது.

யா அல்லாஹ்! எங்கள் மக்களின் உள்ளங்களில் உன் அன்பையும் உன் அச்சத்தையும் நிரப்புவாயாக! மற்ற அச்சங்களிலிருந்து அவர்களைக் காப்பாயாக! இருளில் அவர்கள் எழுந்தால் உன் பெயரே அவர்கள் நாவில் முதலில் வரச் செய்வாயாக! ஆமீன்.