பாட்டி கேட்ட கேள்வி

காஞ்சியை அடுத்த ஏனாத்தூரிலே நமக்கு ஒரு தோழர் உண்டு. இளைஞர், எதையும் ஏன், எப்படி என்று கேட்ட பிறகே ஏற்பவர். கோடையிலே பக்கத்துச் சிற்றூரில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலெல்லாம் பாரதப் பிரசங்கம்; இரவெல்லாம் தெருக்கூத்து. தோழரின் பாட்டி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "பொய்க்கதைக்கா விடிய விடியக் கண் விழிப்பது?" என்று தடுத்தார் பேரன். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்த பாட்டி சொன்னாராம்: "ஏண்டா, கதை பொய்யின்னே வெச்சுக்கோ. சபையிலே நின்னு அவ கேட்ட கேள்வியுமா பொய்?"

பேரனுக்கு விடை வரவில்லை. நம்மிடம் வந்தார். பழைய இதிகாசங்களை இக்காலத்தவருக்கு மீண்டும் சொல்வதா, விடுவதா? சொல்வதானால் உள்ளது உள்ளபடி சொல்வதா, மாற்றிச் சொல்வதா? மாற்றினால் அது நேர்மையா?

கேட்க வேண்டிய கேள்விகள்தாம். சிந்திப்போம்.

முதலில், பாட்டி சுட்டிய அந்தக் கேள்வி. சூதாடினான் தருமன். நாட்டைத் தோற்றான், தம்பியரைத் தோற்றான், தன்னையே தோற்றான். அதன் பிறகு மனைவியைப் பணயம் வைத்தான், அவளையும் தோற்றான். அவைக்கு இழுத்து வரப்பட்ட பாஞ்சாலி அழுது மட்டும் நிற்கவில்லை, வழக்காடினாள். தன்னைத் தோற்று அடிமையாகிவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று கேட்டாள். மன்னர் நிறைந்த அவை! மறை கற்றோர் நிறைந்த அவை! அறத்தின் வடிவம் என்று போற்றப்படும் வீட்டுமனோ, அறத்தின் நெறி நுட்பமானது என்று கூறி நழுவினான். விதுரன் எச்சரித்தான், கௌரவருள் இளையவனான விகர்ணன் எழுந்து நியாயம் பேசினான். மற்றவர் வாய் மூடிக் கிடந்தனர்.

அந்த அவை இருந்ததா? சூது நடந்ததா? ஐயத்துக்கு உரியவை. ஆனால் அறிஞர் கூடிய அவையிலே அநீதிக்கு விடை தராமல் நழுவுவது பொய்யா? நாள்தோறும் காண்கிறோமே! நிகழ்ச்சி கற்பனையாகலாம், கேள்வி கற்பனையன்று. பாட்டி வென்றார். நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் அதோடு நிற்க மாட்டோம். தோற்றவனுக்கு உரிமை ஏது என்று கேட்டாள் பாஞ்சாலி. தோற்காதவனாக இருந்திருந்தால் மட்டும் உரிமை இருந்திருக்குமா? மனைவி, கணவனின் மாடா, மனையா, பணயப் பொருளா? இந்த இரண்டாம் கேள்வியை அவள் வாயில் வைக்கவில்லை பழைய கதை. மீண்டும் சொல்கிறவன் கேட்க வேண்டியது அதைத்தான்.

"ஐயோ! இதிகாசத்தை மாற்றுவதா? அபசாரம்!" என்று அலறுவோர் உண்டு. அவர்களுக்கு வரலாற்றையே விடையாக்குவோம். அதுவும் நம் காஞ்சி வட்டாரத்து வரலாற்றை!

காஞ்சிக்கு அருகே உள்ள ஊர் கூரம். அங்கே கிடைத்த செப்பேடு, 7 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அது கூறுகிறது. நான்மறை வல்லோர்க்கு இருபது பங்கு! ஆக, கதை காற்றில் பரவவில்லை. நிலத்தில் ஊன்றி வளர்ந்தது. சொல்வோருக்குச் சோறு இருந்தது, கேட்போருக்கு மண்டபம் இருந்தது, இரண்டையும் தர அரசு இருந்தது.

சொன்னவர்களாவது ஒன்றுபோலச் சொன்னார்களா? இல்லை. 9 ஆம் நூற்றாண்டிலே மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரதத்தை வெண்பாவாக்கினார். பின்னாளில் வில்லிபுத்தூரார் விருத்தமாக்கினார். இன்னும் துணிந்தவர் கம்பர். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணனோ அவளைத் தீண்டாமல், குடிலோடும் நிலத்தோடும் பெயர்த்தெடுத்துப் போகிறான். தமிழ்க் கேட்போரின் மனம் ஏற்காது என்று மாற்றினார். மாற்றியவரைக் கவிச்சக்கரவர்த்தி என்றது நாடு. அபசாரம் என்று யாரும் அலறவில்லை.

ஆனால் 1946 இல் புலவர் குழந்தை இராவண காவியம் பாடியபோது? 1948 இல் அரசு தடை விதித்தது. 1971 வரை நீடித்தது அத்தடை. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூலின் இந்தி மொழிபெயர்ப்பை 1969 இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976 இல் அரசின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இராமாயணங்கள் பல என்று எடுத்துக்காட்டிய ஏ.கே. இராமானுசனின் கட்டுரையை 2011 இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாடத்திலிருந்து நீக்கிற்று.

எனவே, கதையை மாற்றலாமா என்பதன்று நாட்டிலே நடக்கும் வழக்கு. மாற்றும் உரிமை யாருக்கு என்பதே வழக்கு!

மாற்றத்திலும் வகை உண்டு. பாராமல் விடுவது ஒரு வகை. இராசாசி 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதினார்; 1958 இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. எளிய நடை, இனிய நடை, மறுக்கவில்லை. ஆனால் முடிசூட்டோடு கதை முடிந்தது. நிறைசூலியான சீதை காட்டுக்கு அனுப்பப்பட்டதும், தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் தலை இழந்ததும் அந்தக் கதைக்குள் வரவில்லை. உத்தர காண்டம் பிற்சேர்க்கை என்பர் அறிஞர் பலர். இருக்கட்டும்! பிற்சேர்க்கையானாலும் நூற்றாண்டுக் கணக்கில் மக்களுக்கு அறமென்று ஓதப்பட்டதாயிற்றே. ஓதியபோது உண்மை, கேள்வி எழுந்ததும் பிற்சேர்க்கையா?

எதிர் வகையும் உண்டு. கன்னடத்துக் குவெம்பு, 1944 இல் 'சூத்திர தபசுவி' என்ற நாடகம் எழுதினார். அதிலே சம்பூகன் சாகவில்லை; செருக்குற்ற அந்தணன் தன் பிழை உணர்ந்து அத்தவசியை வணங்குகிறான். உயர்ந்த உள்ளம்! ஆனால் நமக்கு ஓர் ஐயம்: கொலையைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால், கொன்றவன் நல்லவனாகிவிடுகிறானே! இதுவும் ஒரு வெள்ளையடிப்பு ஆகாதா? எண்ணிப் பார்த்தோம். வேறுபாடு உண்டு. குவெம்பு மாற்றுவதை மறைக்கவில்லை. பழைய கதை அறிந்தவர் முன், இப்படி அன்றோ நடந்திருக்க வேண்டும் என்று காட்டினார். காயத்தை மூடுவது வேறு, மருந்திடுவது வேறு.

மூடுவதற்கு இன்னொரு சான்று. வேடன் மகன் ஏகலைவன், தானே வில் கற்றான். கற்பிக்காத துரோணன் அவன் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கினான். இந்திய அரசு 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளருக்கு வழங்கும் விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது! அதே அரசு 1997-98 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு நடத்தும் உறைவிடப் பள்ளிகளின் பெயர் ஏகலைவா பள்ளி! விரலை வெட்டக் கேட்டவன் பெயரும் பெருமைக்கு. இழந்தவன் பெயரும் பெருமைக்கு. இரண்டு பெயருக்கும் நடுவே சிந்திய குருதி எங்கே? துடைத்துவிட்டார்கள்.

இவ்வளவு கூறிய நாம், நம்மையும் தராசில் நிறுத்த வேண்டாமா? வேண்டும். இராமனை இறக்கி இராவணனை ஏற்றினோம். தாழ்த்தப்பட்ட இனத்தின் தன்மானத்தை எழுப்ப அது தேவைப்பட்டது, பயனும் விளைந்தது. ஆனால் ஓர் அரியணையிலிருந்து இன்னோர் அரியணைக்கு மாலையை மாற்றுவதோடு வேலை முடிந்ததா? இராமன் ஐயுற்றான், இராவணன் கவர்ந்தான். இருவருக்கும் இடையே நின்றவளிடம், உன் விருப்பம் என்ன என்று யார் கேட்டார்? நம் மேடைகளிலும் போதிய அளவு கேட்கப்படவில்லை. 1943 இலேயே புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையில் இந்த இடத்தைத் தொட்டார்: சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கட்சி கட்டாத ஒருவர் தொட்ட இடம் அது. நாம் கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆகவே ஏனாத்தூர்த் தோழருக்கு நம் விடை இதுதான். சொல்லுங்கள், கதையை விட்டுவிட்டால் அது மற்றவர் கையில் மட்டுமே இருக்கும். மாற்றுங்கள், ஆனால் மாற்றியதை மறைக்காதீர்கள். சங்கடமான இடம் வரும்போது தாண்டாதீர்கள், அங்கேதான் நில்லுங்கள். கதையிலே வாயடைக்கப்பட்டவர் யாரோ, அவர் பக்கம் அமர்ந்து சொல்லுங்கள். அவர் நம் எதிரியின் அவையில் இருந்தாலும் சரி, நாம் போற்றும் மன்னனின் அவையில் இருந்தாலும் சரி.

காஞ்சிக்கு அருகே புஞ்சையரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் என்றொரு அமைப்பு 1990 இல் தோன்றியது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்த கலை அது. அச்சங்கம் நடத்திய குருகுலத்திலே சிறுவரோடு சிறுமியரும் கூத்துப் பயின்றார்கள். எண்ணிப் பாருங்கள்! அவையின் நடுவே நின்று கேட்ட கேள்வியை, முதன்முதலாக ஒரு பெண்ணே தன் குரலில் கேட்கிறாள். ஒரு சொல்லும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கதை மாறிவிட்டதா, இல்லையா?

தோழரே, அடுத்த திருவிழாவுக்குப் பாட்டியைத் தடுக்காதீர். பாயை நீரே சுமந்து செல்லும். விடியும்வரை உடன் அமர்ந்திரும். அவை வாய் மூடும் நேரம் வரும்போது பாட்டியின் காதோடு கேளும்: "தோற்காதவனாயிருந்தா மட்டும் அவளை வைக்கலாமா, பாட்டி?" அன்று இரவு நீங்கள் இருவரும் சேர்ந்து பாரதத்தைத் திருத்தி எழுதியவர்கள் ஆவீர்கள்.