தற்செயல் என்னும் சொல்

காரணமின்றிக் காரியம் தோன்றாதென்பது சற்காரியவாதிகளாகிய நம்மனோர்க்கு ஒப்பமுடிந்த துணிபு. அற்றாக, ஒரு தாய் வயிற்றுப் பிறந்த மக்களுள் ஒருவன் கண்ணொளியோடும் மற்றொருவன் அஃதின்றியும் பிறத்தல் எதனாலென வினவின், இக்காலத்தார் பலர் 'தற்செயல்' என்று கூறி அமைகின்றனர். அச்சொல்லின் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இளைஞர் கணினியில் ஆடும் 'ஆர்க்' என்னும் விளையாட்டு 2017-ஆம் ஆண்டில் முழுவடிவில் வெளிவந்தது. தீவொன்றில் தனித்து விடப்பட்ட ஆடுவோன் தொல்விலங்குகளைப் பழக்கி, இணைசேர்த்துக் குட்டி பெறுவான். வலிமை முதலிய ஒவ்வொரு குணமும் தாயினின்று வருமோ தந்தையினின்று வருமோ என்பது திருவுளச்சீட்டுப் போன்றது; ஒரோவழி இரண்டினிடத்தும் இல்லாத புதுமையும் தோன்றும். நல்ல குட்டியொன்றற்காகப் பன்னாள் விழித்திருப்பாரும் உளர். ஆயின் இத்தகைய ஆட்டங்களிற் கணினி சீட்டுக் குலுக்குவதில்லை, கணக்கிடுகின்றது. வித்தாக ஓரெண்ணைக் கொண்டு அதனின்றும் எண்வரிசையொன்றை வகுக்கின்றது. வித்து ஒன்றாயின் வரிசையும் ஒன்றே. ஆடுவோன் தற்செயலென்பது தனக்கு மறைந்த கணக்கினையே.

விளையாட்டில் மட்டுமோ இது? தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துச் சலாபத்தை நினைமின். பார்களினின்று குளித்தெடுத்த சிப்பிகள் பிளவாதபடியே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. வாங்கினோருள் ஒருவன் செல்வனாவான், மற்றொருவன் கடனாளியாவான். அச்சிப்பிகளின் பிறப்பும் அத்தகையதே. முட்டையும் விந்தும் கடல்நீரிற் கலக்கின்றன. குஞ்சுகள் ஏறக்குறைய மூன்று வாரம் மிதந்து நீரோட்டம் உய்த்தவிடத்துச் சேர்கின்றன. பாறை வாய்த்தவை பிழைக்கும், வாயாதவை மாயும். சுவாதிநாள் மழைத்துளியே முத்தாமென்றனர் முன்னோர். 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிறுமணியொன்றையும் வேறொரு சிப்பியின் மென்தோற்றுண்டையும் சிப்பியினுட் புகுத்தி முத்து விளைத்தனர். 1981-இல் குஞ்சுகளையும் தொட்டியிற் பொரிப்பித்தனர். காரணம் தெரிந்த அளவிற்குத் தற்செயல் பின்வாங்கிற்று.

அற்றேல், தற்செயலென்பதை நீக்கி வினையென்று கூறிவிடலாமெனின், அன்று. வினை உண்டென்பது ஒன்று. இன்னார்க்கு இத்துன்பம் இன்ன வினையால் வந்ததென்பது வேறொன்று. முன்னது நூலானும் அனுமானத்தானும் துணியப்படும். பின்னதை அறிதற்கு நம்மிடம் கருவியில்லை. வினை சடம்; அதனை அறிந்து உரியவர்க்குக் கூட்டுவான் இறைவனொருவனே என்று மேடைதோறும் முழங்குவோரே, குறையுடைய குழந்தையைப் பெற்றாள் முன்சென்று, 'எல்லாம் உன் பழவினை' என்கின்றனர். பூசை முடித்த வாயினின்றே இச்சொல் வர யாம் கேட்டிருக்கின்றோம். கூட்டுவோன் கணக்கு இவர்க்கு எப்போது காட்டப்பட்டது? இவரினும், 'தற்செயலம்மா, உன்மேற் பிழையில்லை' என்னும் மருத்துவர் சித்தாந்தத்திற்கு அணியர். தாம் காணாத காரணத்தைக் கண்டதாக அவர் சாதிக்கவில்லையன்றோ?

பிராரத்தம் நுகர்ந்தே கழிக்கற்பாலது. பிறர் அதனை நுகரக் கண்டுழி நாம் பேசுவதும் செய்வதுமோ நமக்கு ஆகாமியமாய் ஏறும். தாய் சற்றே உறங்கட்டுமென்று அக்குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்வதும் ஆகாமியமே. அவளைச் சொல்லாற் சுடுவதும் ஆகாமியமே. மூவகை வினையைப் பாடஞ் சொல்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடாமல், மாணாக்கர்க்கு இத்தகைய எடுத்துக்காட்டுக்களோடு நின்று விளக்குவாராக.