சந்தேகத்தின் பலன்

ஒரு கோளாறு நின்றுவிட்டது. ஆகவே அதன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறிந்த நாம், இல்லை என்றுதான் சொல்வோம். ஆனால் காரியம் என்று வரும்போது யார் அப்படி நடக்கிறோம்?

அமெரிக்காவில் ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2003 வரை ஃபோர்டு கம்பெனியின் பெரிய பிக்கப் வண்டிகளில் 7.3 லிட்டர் டீசல் என்ஜின் ஒன்று வந்தது. பழைய காலத்து டீசல் என்ஜினுக்கு, ஓட ஆரம்பித்த பின் மின்சாரம் அநேகமாகத் தேவையே இல்லை. இது அப்படியல்ல. எந்த சிலிண்டருக்கு எப்போது டீசல் பீச்சுவது என்பதை ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கேம் ஷாஃப்ட் எந்த நிலையில் சுழல்கிறது என்று அதற்குச் சேதி சொல்ல, என்ஜினின் முன்புறம் சிறு சென்ஸார் ஒன்று இருக்கிறது. சேதி ஒரு கணம் அறுந்தால் என்ஜின் இடறும். சற்று நீடித்தால் நின்றேவிடும். பிறகு ஒன்றும் நடக்காதது போல் ஓடும். மெக்கானிக்கின் முன்னால் மட்டும் இடறாது, வைத்தியரைக் கண்டதும் பறந்துவிடும் பல்வலியைப் போல!

2007-ல் கம்பெனியே இந்த சென்ஸாருக்காகச் சுமார் 12 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஊரறியப் பெயர் கெட்டுப்போயிற்று. உபரி சென்ஸார் ஒன்றையும் 10 மில்லிமீட்டர் ஸ்பானரையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இடறினால் மாற்று, நின்றுவிடும்.

இங்கேதான் என் மனம் இடறுகிறது. சென்ஸாரை மாற்றுகிறவன் அதன் பிளக்கையும் கழற்றி மாட்டுகிறான். முனைகளில் பிடித்திருந்த களிம்பு உரசிப் போகிறது. மேலுறை தேய்ந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த ஒயர் சற்றே நகர்ந்து கொடுக்கிறது. கோளாறு அங்கே இருந்திருந்தாலும் நின்றுதான் போகும். ஒயர் மறுபடி இரும்பைத் தொடும் வரையில், புகழ் புதியதற்கு, பழி பழையதற்கு.

எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தால் போதும்? சராசரி பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரு கணக்கில்லாமல் வரும் இடறல் என்று வைத்துக்கொள்வோம். எதையுமே சரிசெய்யாவிட்டாலும், அடுத்த பத்து நாள் சும்மா கழிய நூற்றுக்கு 37 பங்கு வாய்ப்பு உண்டு. முப்பது நாள் கழிந்தால்தான் அது 5 பங்காகக் குறைகிறது. அதுவரை எந்த மெக்கானிக் கூலி வாங்காமல் காத்திருப்பான்?

பழைய சென்ஸாரையே திரும்ப மாட்டி, இடறல் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. ஆனால் பாரம் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகையில் என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும். நிச்சயத்தைத் தேடப் பிறர் உயிரைப் பணயம் வைப்பதா? ஆகவே நிரூபணம் இல்லாமலே மாற்றுவது நியாயம்தான். “இதுதான் குற்றவாளி” என்று அறிவிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மானம் கிடையாது, சரி. ஊரில் சொம்பு காணாமற்போனால், முன்பு ஒருமுறை ஜெயிலுக்குப் போய் வந்தவன் வீட்டுக் கதவைத்தானே முதலில் தட்டுகிறோம்? அவனை விரட்டிய பின் பத்து நாள் திருட்டு நடக்காவிட்டால், நம் தீர்ப்பு சரியாகிவிடுமா?

“மாற்றினேன், நின்றிருக்கிறது, காரணம் நிச்சயமில்லை” என்று ரசீதில் எழுதித் தரும் மெக்கானிக்கிடம் கூட்டம் சேராதுதான். ஆனால் வண்டி மறுபடி இடறுகிற அன்று, ஒயரிலிருந்து தேட ஆரம்பிக்க அந்த ரசீது உதவும்.