ஐந்து விரல்களுக்கு இடம்

போன மாதம் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் புது போன் வாங்கினேன். விலை 21,999. பழையதற்கு ஐந்து வயது. பேட்டரி உப்பி முதுகு பிளந்துவிட்டது. ஒரு புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு புகைப்படங்களை அழிக்க வேண்டும். கடைக்காரத் தம்பி முதலில் கேட்டது, "யாருக்கு மேடம், பசங்களுக்கா?" எனக்குத்தான் என்றதும், "சார் வரலையா?" என்றார். கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நெடுநாள் வியாபாரத்தில் பழகிப்போன கேள்வி அது. இருபதாயிரத்தைத் தாண்டிய பொருளை ஒரு பெண் தனியாக வந்து தீர்மானிப்பதை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

அந்த போனின் கேமராவைத் திறந்ததும் என் முகம் இரண்டு படி வெளுத்துத் தெரிந்தது. யாரும் கேட்காமலே செய்து வைத்திருந்த அழகூட்டல். அதை அணைக்கச் சொன்னேன். தம்பி அணைத்துவிட்டு, "இப்ப டல்லா இருக்குமே மேடம்" என்றார். டல்லாக இருப்பது என் நிறம். இதைப் பற்றி வேறொரு கட்டுரை எழுத வேண்டும்.

நான் சொல்ல வந்தது விரல்ரேகையைப் பற்றி. பூட்டுத் திரைக்கு என் கட்டை விரலைப் பதிந்து முடித்ததும் தம்பி சொன்னார்: "அஞ்சு விரல் வரைக்கும் போடலாம் மேடம். சாரோடது, பிள்ளைங்களோடது எல்லாம் சேத்துக்கங்க." ஐந்து என்பது ஒரே ஆளின் ஒரு கை என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அது ஒரு குடும்பம்.

அன்று இரவே வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. என் இணையர் நல்லவர். சமைப்பவர், என் கவிதைகளை அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்துபவர். கொடுமைக்காரக் கணவனைப் பற்றிய கட்டுரை என்றால் எழுதுவது எனக்கும் எளிது, படிப்பது உங்களுக்கும் எளிது. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "என் விரலையும் ஒண்ணு சேத்து வை. அவசரத்துக்கு உதவும்." நான் வேண்டாம் என்றேன். "ஒளிக்க என்ன இருக்கு?" என்றார். கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம் இருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மையிலேயே ஒளிக்க எதுவும் இல்லை. பிறகு ஏன் மறுத்தேன்?

முதலில் அந்த அவசரத்தைப் பார்த்துவிடுவோம். எங்கள் பக்கத்தில் அவசரம் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள் மக்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றையும் முகத்துவாரத்தையும் கறுப்பாக்கியிருந்தது. அந்த இரவில் தெருத்தெருவாகச் செய்தி போனது போன் வழியாகத்தான். ஆனால் ஒன்று: பூட்டிய போனிலும் அழைப்பு வரும், யாரும் எடுத்துப் பேசலாம். அவசர எண்ணுக்கு யாரும் அழைக்கலாம். அவசரத்துக்குத் தேவையான கதவைச் செய்தவர்களே திறந்துதான் வைத்திருக்கிறார்கள். இதை நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அவசரம் அத்தோடு முடிந்தது. மிச்சமிருந்தது 'ஒளிக்க என்ன இருக்கு' மட்டும்.

என் போனில் என்ன இருக்கிறது? நள்ளிரவில் மாணவிகள் எழுதும் செய்திகள். வீட்டில் சொல்ல முடியாததை, தோழியிடமும் சொல்லத் தயங்குவதை என்னிடம் எழுதுகிறார்கள். அவை என் ரகசியங்கள் அல்ல, என்னிடம் வைத்துப் போன பொருள்கள். இன்னொருவர் விரலுக்கு அவற்றைத் திறந்துவிட எனக்கு உரிமை கிடையாது. இது நல்ல காரணம். ஆனால் இதையே முழுக் காரணமாகக் காட்டினால் நான் தப்பிக்கிறேன் என்று பொருள். பெண்கள் தமக்கென்று எதையும் கேட்கும்போது பிறருக்காகக் கேட்பதுபோலக் கேட்கப் பழகியிருக்கிறோம். மாணவிகளின் செய்திகள் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் நான் மறுத்திருப்பேன்.

என் போனில் கவிதை வரிகள் இருக்கின்றன. பேருந்தில் எழுதியவை, முடியாதவை, மோசமானவை. ஒருநாள் அவரிடமே கொடுக்கப்போகிறவைதான். ஆனாலும் இன்று காட்ட மாட்டேன். மறைப்பதற்கும் இன்னும் சொல்லாமல் இருப்பதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் எண்ணம் உருவாகிறது. அங்கே ஆள் வந்து நின்றால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், எண்ணம் தன்னைத் திருத்திக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடும். 'ஒளிக்க என்ன இருக்கு' என்ற கேள்வி இந்த இடத்தை அறியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே: குற்றம், திறந்த வீடு.

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியில் தடுமாறித்தான் போகின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் எழுந்த கேள்வி அது. ஆக அந்தத் தீர்ப்பின் வேரிலும் விரல்ரேகை இருக்கிறது. அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவே உள்ள சுவர் சரி, கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே? 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இப்படியொரு வழக்கு வந்தது. மணமுறிவு கேட்ட கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அழைப்புப் பதிவுகளைச் சாட்சியமாக வைத்திருந்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. அந்தரங்க உரிமை மணவாழ்வுக்குள்ளும் உண்டு, வேவு பார்த்துத் திரட்டியது சாட்சியமாகாது என்பது அவர் முடிவு. அடுத்த ஆண்டு ஜூலையில், பஞ்சாபிலிருந்து போன வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவுசெய்த உரையாடல்களைக் குடும்ப நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால் அந்த மணவாழ்வு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பது அதன் வாதத்தின் சாரம். வழக்காடு மன்றத்தில் இதற்கு நியாயம் இருக்கலாம். வீட்டுக்குள் கொடுமை அனுபவிக்கும் பெண்ணுக்கு ரகசியப் பதிவு ஒன்றுதான் சாட்சியாக இருக்கும், அதை நான் மறக்கவில்லை. ஆனால் உடைந்த வீட்டைப் பற்றித்தான் இரண்டு தீர்ப்புகளும் பேசுகின்றன. உடையாத வீட்டில், அன்பின் பெயரால் கேட்கப்படும் விரலுக்கு எந்தச் சட்டப்பிரிவும் இல்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது என் கவலை வசதியானவளின் கவலையோ என்ற உறுத்தலும் வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் போன் வைத்திருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 54 விழுக்காடு. மற்ற பாதிக்கு பூட்டு இருக்கட்டும், கதவே இல்லை. காசிமேட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவின் கூடையில் போன வருடம் கியூஆர் அட்டை ஒன்று முளைத்தது. நான் பணம் அனுப்பியதும் திரையில் வந்தது ஓர் ஆண் பெயர். "பையன் நம்பரு கண்ணு. அவன்கிட்டதான் பேசுற போன் இருக்குது" என்றார். அன்றைய வியாபாரம் முழுக்க மகன் கணக்குக்குப் போய், ராத்திரி அவன் கொடுப்பதுதான் கையில். "குடுக்குறான், குடுக்காம இல்ல" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். உனக்கே ஒரு போன் வாங்கிக்கொள்ளேன் அம்மா என்றேன். விரலை நீட்டிக் காட்டினார். ஐஸும் உப்பும் அரிவாள்மனையும் தேய்த்த விரல். ரேஷன் கடை இயந்திரத்திலேயே ரேகை விழுவதில்லையாம். "இதுல எத்த பூட்டுறது?"

இந்த போன்களைச் செய்யும் பெண்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையிலும், அதற்குப் பின் வந்தவற்றிலும் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபோது, தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வை வெளியிட்டது. அங்கே ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்றது அது. சொல்லப்பட்ட காரணங்களில் குடும்பப் பொறுப்போடு தாலியும் மெட்டியும் இருந்தன. நிறுவனம் தாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்றது. போன் செய்யும் வரிசையில் நிற்கக் கூடாத மெட்டிக் கால், போன் வாங்க வந்தால் 'சார் வரலையா' என்று கேட்கப்படுகிறது. மணமான பெண் இரண்டு முனையிலும் பாதி ஆள்தான்.

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில் மாணவிகள் போன் கொண்டுவரக் கூடாது என்று விதி. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் பையில் போன் சிக்கியது. ஒழுங்குக் குழுவில் நானும் இருந்தேன். தந்தையை அழைத்தோம். துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கைகட்டி நின்றார். நான்தான் போனை அவரிடம் கொடுத்தேன். அவர் மகளிடம் நீட்டி, "தொற" என்றார். எங்கள் மூவர் முன்னால் அவள் திறந்தாள். அவர் படிக்கப் படிக்க நாங்கள் மூன்று ஆசிரியைகளும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போனை வாங்கியதுதான் விதி. திறக்கச் சொன்னது விதியில் இல்லை. தடுத்திருக்கலாம், ஒரு வார்த்தை போதும். அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். 2020இல் நோய்த்தொற்று வந்தது. அதே கல்லூரி, ஒவ்வொரு மாணவியும் போன் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.

அந்த நாள்களில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் களவியல் நடத்துகிறவள் அல்லவா, கைவசம் ஒரு சொல் இருந்தது: அறத்தொடு நிற்றல். தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் என்று வெளிப்படுத்துவது. வெளிப்படுத்துவதும் அறம்தானே என்று நினைத்தேன். பிறகு அதே பாடத்தை மறுபடி மறுபடி நடத்தும்போதுதான் நான் வேண்டுமென்றே தாண்டிப் போனது தெரிந்தது. அங்கே முதலில் சொல்பவள் தலைவி. தன் தோழியிடம், தானே. வேறொருவருக்கு மணம் பேசி வந்துவிடுவார்களோ என்ற நெருக்கடியில், தன் விருப்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாள். ரகசியம் அவள் கையிலிருந்து புறப்பட்டு, பெண்களின் வழியே, பக்குவமாக நடந்து போகிறது. தந்தையிடம் போகும்போது வெறும் குறிப்பாகத்தான் போகிறது. நான் செய்தது அதுவல்ல. நான் செய்ததற்கும் அகத்திணையில் பெயர் உண்டு. இற்செறிப்பு. வீட்டுக்குள் அடைத்து வைப்பதற்குத் துணைபோனேன்.

சொல்லின் அறம் யார் முதலில் சொல்கிறார் என்பதில் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன். களவு என்று திருட்டின் பெயரையே வைத்தாலும் நம் இலக்கணம் அதைக் குற்றமாக எண்ணவில்லை. அந்தப் பெண் சொல்லும் நேரம்வரை காத்திருக்க அதற்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருப்பேன். எழுதிக்கொண்டிருந்தபோது மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா விரல வேணான்னுட்ட. என் போன்ல உன்னுது இருக்கே?" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வாங்கிக் கொடுத்தபோது நானே பதிந்தது. வயது, பாதுகாப்பு, ஊர் இருக்கும் இருப்பு என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. இப்போதும் இருக்கின்றன. பதினேழு வயதுக்கு எவ்வளவு பூட்டு என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தச் சுமைதொழிலாளித் தந்தையிடமும் இதே காரணங்கள்தான் இருந்திருக்கும்.

போனை வாங்கி அமைப்புகளுக்குள் போனேன். விரல்ரேகை 1, விரல்ரேகை 2, விரல்ரேகை 3 என்று மூன்று வரிகள். எது என்னுடையது என்று எழுதியில்லை. "விரல வச்சுப் பாரும்மா, காட்டும்" என்றாள். வைத்தேன். இரண்டாவது வரி ஒளிர்ந்து அடங்கியது. போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அழித்தாளா என்று நான் கேட்கவில்லை.